மறு: குங்ஃபூ கால்நிலைகளுக்கும் உதைகளுக்கும் தமிழ்ச் சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

> மாபூ = அரைமண்டி. கையிலிருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

மாபூ குதிரைமேல் அமர்ந்ததுபோல் தாழ நிற்கும் குங்ஃபூ நிலை; அரைமண்டி பரதத்தில் முழங்கால் மடக்கி நிற்பது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அரைமண்டியில் குதிகால்கள் நெருங்கியிருக்கும், பாதங்கள் பக்கவாட்டில் திரும்பும். மாபூவில் பாதங்களுக்கு நடுவே ஏறக்குறைய மூன்று பாத நீளம் இடைவெளி, கால்விரல்கள் நேர் முன்னே, தொடை தரைக்கு இணையாக. பரதம் கற்றவர் நம் சொல்லை நம்பி நின்றால் வேறெதையோ செய்வார்.

‘குதிரை நிலை’யும் வேண்டாம். அங்கே நிற்பது குதிரையல்ல, அதன்மேல் உட்கார்ந்திருப்பவர். தவிர, தெற்கத்திச் சீனப் பள்ளிகளில் ‘மா’ (குதிரை) என்பது கால்நிலை எல்லாவற்றுக்குமே பொதுப்பெயர். அப்பள்ளிகளில் ஒன்றான விங் சுன்னின் அடிப்படை நிலை, ஆட்டை முழங்கால்களால் இடுக்குவதாகச் சொல்லப்படுவது. அதிலும் ‘மா’ உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆடும் குதிரையும் ஒரே கொட்டிலில் நிற்கும். என் வாக்கு ‘சவாரி நிலை’க்கு.

> கோங்பூவுக்கு ‘ஆலீடம்’?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆலீடம் வில்லோர் நிலை நான்கில் ஒன்று, ஒரு கால் மடங்கி மறு கால் நீளும். கோங்பூவின் முழுப்பெயரிலும் வில், அம்பு இரண்டும் உண்டு: மடங்கிய முன்கால் வில், நீண்ட பின்கால் அம்பு. ஆனால் கால் மாறினால் நமக்கு ஆலீடம் பிரத்தியாலீடம் ஆகிவிடும். சீனத்தில் இரு பக்கத்துக்கும் ஒரே பெயர். ஆகவே ‘வில்நிலை’. பக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் இடவில், வலவில்.

‘ஷூபூ’வில் (‘ஷூ’ என்றால் வெறுமை) எடை முழுக்கப் பின்காலில், முன்கால் நுனி மட்டும் தரையைத் தொடும். ‘தொடுநிலை’ அழகுதான், ஆனால் தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையில் வெறுமை, நிறைவு என்ற இணையே பாடத்தின் உயிர். ‘வெற்றுக்கால் நிலை’ என்றால் அது கைவிட்டுப் போகாது. (‘வெறுங்கால்’ என்றால் செருப்பில்லாத கால்!)

காலை நகர்த்தும் முறைக்கு ‘அடி’ வேண்டவே வேண்டாம். சண்டைப் பாடத்தில் ‘முன்னடி’ என்று எழுதினால் கால் வைப்பதா, அடிப்பதா? சிலம்பக்காரர்கள் சொல்லும் ‘காலடி’ போதும்.

‘தெற்கே கை, வடக்கே கால்’ என்பார்கள் சீனர்கள்; வடக்கத்திப் பள்ளிகளுக்கு உதைச் சொற்கள் நிறைய வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘உதை’ போட்டால் குழம்பும். முழங்காலை மடக்கி நீட்டுவதற்கு மட்டும் ‘உதை’: முன்பாதம் பாய்ந்தால் சொடுக்குதை, குதிகால் தள்ளினால் குதியுதை. காலை மடக்காமல் நேராக வீசுவது ‘வீச்சு’. தரையோடு சுழற்றி எதிராளியைச் சாய்ப்பதற்குச் சொல் தேடவே வேண்டாம், ‘கால்வாரல்’. அரசியலில் பழகிய சொல்தான், இங்கே நேர்ப்பொருளில் வருகிறது.

‘ஷியேபூ’ மட்டும் பாக்கி. கால்களைப் பின்னித் தாழ உட்காரும் நிலை. சீனப் பெயருக்கு ‘ஓய்வு’ என்று பொருள். அப்படி ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தவர் அதை நம்பமாட்டார். ‘பின்னல் நிலை’ சரியாக வருமா?