பழைய உலர்மாதிரிகளில் புதிய கொடியினங்கள் எவ்வாறு கண்டறியப்படுகின்றன?

கேள்வி:
வெப்பமண்டலக் காடுகளில் பல்லாண்டுகளுக்கு முன் சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிவைத்த கொடிகளுள் சில, இப்போது புதிய இனங்களாக அறிவிக்கப்படுகின்றன. வல்லுநர் பலரின் கைபட்ட தாளில் ஓர் இனம் இத்தனை காலம் எவ்வாறு மறைந்திருந்தது? உயிருள்ள கொடியைக் காணாமலே பெயர் சூட்டுவது முறையா?

மறுமொழி 1:
மறைந்திருப்பதுதான் வழக்கம். 2010-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முதல் மாதிரி சேகரிக்கப்பட்ட 5 ஆண்டுகளுக்குள் விவரிக்கப்பட்ட புதிய இனங்கள் 16 விழுக்காடு மட்டுமே. ஏறத்தாழ கால்பங்கு இனங்களுக்கு 50 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மாதிரிகள் பயன்பட்டன. கொடிகளில் இடர் இன்னும் கூடுதல். பூ உச்சிக்கிளைகளில் மலர, சேகரிப்பவர் கைக்கு எட்டிய தண்டையும் இலையையும் மட்டுமே எடுத்துவருகிறார். மான்ஸ்டீரா போன்றவற்றில் இளங்கொடியின் சிறிய முழு இலைக்கும் முதிர்ந்த கொடியின் துளையிட்ட பேரிலைக்கும் உறவே இல்லாததுபோல் தோன்றும். வள்ளிக்கொடிப் பேரினமான டயஸ்கோரியாவில் ஆண்பூவும் பெண்பூவும் பெரும்பாலும் தனித்தனிக் கொடிகளில் இருப்பதால், ஒரே இனத்தின் இரு தாள்கள் இரு பெயர்களில் உறங்கக்கூடும்.

மறுமொழி 2:
மேலே கூறியவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெயரிடப்படாத தாள்களில்தான் புதையல் இருக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். என் கருத்தில், தவறான பெயரைத் தாங்கிய தாள்களே அதைவிட வளமானவை, ஏனெனில் பெயர் எழுதிய தாளை யாரும் ஐயுறுவதில்லை. இஞ்சிக் குடும்பத்து அஃப்ராமோமம் பேரினத்தின் ஏறத்தாழ 4,500 மாதிரிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான கட்டுரை, அப்பேரினத்தின் வகைப்பாடு அண்மையில் திருத்தப்படும் முன் அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை தவறான பெயரில் இருந்ததைக் காட்டியது. அது கொடி அன்று என்றாலும் படிப்பினை பொருந்தும். பல நாடுகளின் தாள்களை ஒருவரே அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் புல்லியிதழின் நீளமும் மயிரின் அமைப்பும் வேறுபடுவது கண்ணில் படும். சர்க்கரைவள்ளி அடங்கிய ஐப்போமியாவின் அமெரிக்கக் கண்டத்து இனங்கள் 425-ஐ 2020-இல் தொகுத்தவர்கள் அப்படித்தான் உழைத்தனர்.

மறுமொழி 3:
இரண்டாவது கேள்விக்கு: பெயரிடல் விதிகள் உயிருள்ள கொடியைக் கோருவதில்லை. ஒரு வகைமாதிரியை, அதாவது அப்பெயருக்கு நிலையான சான்றாக அமையும் மாதிரியைச் சுட்டி, இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரணத்தை வெளியிட்டால் பெயர் செல்லும். ஆயினும் பூவின் நிறமும் மணமும் உலர்ந்தபின் தங்குவதில்லை. ஆகவே சேகரித்தவர் அன்றே சீட்டில் "பூ வெண்மை, தொண்டை ஊதா" என்று எழுதியிருந்தால், அந்த ஒருவரி நூறு அளவீடுகளுக்கு ஈடாகும். ஒரே ஒரு தாளை மட்டும் நம்பிப் பெயரிடுவதற்கு நான் தயங்குவேன். அது ஒரு கொடியின் தனிப்பட்ட திரிபாகவும் இருக்கலாம். வேறோர் இடத்திலிருந்து வந்த இரண்டாவது தாளிலும் அதே பண்புகள் ஒன்றுசேர்ந்து தென்பட்டால் தயக்கம் பெரிதும் நீங்கும்.