வயதானவர்களுக்கு மட்டும் பிறந்த தேதி ஒரு நாள் குறைகிறது (தடுப்பூசி முகாம் மென்பொருள்)

தோட்டத்து_கிராணி:
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட மக்களுக்காகக் கோவில் மண்டபத்தில் ஃப்ளூ ஊசி முகாம் வைக்கிறோம். முன்பதிவுக்கு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். பெயர்ப் பட்டியலை எக்செலிலிருந்து சிஎஸ்வி (காற்புள்ளி பிரித்த உரைக் கோப்பு) ஆக்கி ஏற்றியாயிற்று. 550314 என்று ஐசி (அடையாள அட்டை எண், முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு-மாதம்-நாள்) தொடங்குபவருக்குத் திரையில் 13-03-1955 வருகிறது. உடனே "ஐசியும் பிறந்த தேதியும் பொருந்தவில்லை" என்று பதிவு நின்றுவிடுகிறது. பிள்ளைகளுக்கும் இளவட்டங்களுக்கும் தேதி சரி. வயதானவர்களுக்குத்தான் கோளாறு, அதிலும் 1943, 1944-இல் பிறந்த பாட்டிமாருக்குச் சரியாகவே காட்டுகிறது! சிஎஸ்வியில் ஒரு தேதியும் தப்பில்லை. சனிக்கிழமை முகாம், உதவுங்கள்.

நேரக்கணக்கு:
மூன்று விவரம் வேண்டும். எந்த ஆண்டோடு தப்பு நிற்கிறது? பிறந்த தேதி நெடுவரிசை என்ன வகை? ஏற்றும் ஸ்கிரிப்ட் தேதியோடு எதையாவது ஒட்டுகிறதா?

தோட்டத்து_கிராணி:
1981 வரை தப்பு, 1982 முதல் சரி. வகை: டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன் (நேர மண்டலம் பார்த்துத் தேதியையும் மணியையும் வைக்கும் வகை). ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தேதிக்கும் பின்னால் 00:00 +08:00 சேர்க்கிறது. வலைப்பக்கத்தின் டைம் ஸோன் ஏசியா/கோலாலம்பூர்.

நேரக்கணக்கு:
அப்படியானால் மென்பொருள் நம் நாட்டு வரலாற்றை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் நேரம் +8 (உலகப் பொது நேரமான யுடிசியைவிட 8 மணி முன்) ஆனது 1982 ஜனவரி 1-இல். அதற்கு முன் +7:30. ஏசியா/கோலாலம்பூர் என்ற பெயருக்குள் இந்த மாற்றமெல்லாம் அடங்கியிருக்கிறது, வெறும் +08:00-க்குள் ஒன்றும் இல்லை.

14-03-1955 நள்ளிரவை +8 என்று ஏற்றினால் யுடிசியில் 13-ஆம் தேதி 16:00 என்று சேமிக்கப்படும். வலைப்பக்கம் அந்த ஆண்டுக்குரிய 7:30-ஐக் கூட்டுகிறது, 13-ஆம் தேதி இரவு 23:30 ஆகிறது. மணியை மறைத்துத் தேதியை மட்டும் காட்டுவதால் அரை மணி நேர வித்தியாசம் ஒரு முழு நாளாகத் தெரிகிறது. பாட்டிமார் தப்பித்தது ஜப்பான்காரன் புண்ணியத்தில்: 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை இங்கே தோக்கியோ நேரம், +9. அவர்களுக்கு விடியற்காலை 1 மணி வரும், தேதி மாறாது.

திருத்தம்: முதலில் பேக்கப். பிறகு "டேட்" வகையில் (மணி இல்லாமல் தேதி மட்டும்) புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய மதிப்பை "ஏட் டைம் ஸோன்" கட்டளை கொண்டு மாற்றி அதில் நிரப்புங்கள். மண்டலத்தை '+08' என்று எழுத்தாகக் கொடுக்காதீர்கள். போஸ்ட்கிரஸ் அதை போசிக்ஸ் முறைப்படி (அதில் + என்றால் கிரீன்விச்சுக்கு மேற்கு) தலைகீழாக எடுத்துக்கொண்டு 8 மணி நேரத்தைக் கழித்துவிடும், 1990-இல் பிறந்தவருக்கும் ஒரு நாள் போய்விடும். இன்டர்வல் (கால அளவு) '8 அவர்ஸ்' என்று கொடுங்கள்.

1982-க்கு முந்தியவர்களுக்கு ஒரு நாள் கூட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திரையில் தெரிவதுதான் தப்பு, சேமித்த மதிப்பு அல்ல. அதோடு, பாட்டிமாருக்கு ஒரு நாள் ஏறிவிடும்.

பெரட்டுக்களம்:
ஒன்று விட்டுப்போயிற்று. பட்டியலில் இல்லாதவர்களை வலைப் படிவத்திலேயே தட்டச்சு செய்திருந்தால் அவை கோலாலம்பூர் மண்டலப்படி சேமிக்கப்பட்டிருக்கும். 1955-க்காரருக்கு 16:30 யுடிசி, 8 மணி கூட்டினால் 00:30, பாதகமில்லை. ஆனால் ஜப்பான் காலத்தில் பிறந்தவருக்கு 15:00 யுடிசி, 8 கூட்டினால் முந்தின நாள் 23:00. அவர்களுக்கு மட்டும் கோலாலம்பூர் மண்டலத்தையே கொடுத்து மாற்ற வேண்டும்.

மாற்றி முடித்ததும் புதிய நெடுவரிசையை ஐசியின் முதல் ஆறு இலக்கத்தோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாதவற்றை மட்டும் பட்டியலிடுங்கள். பாஸ்போர்ட்டில் பதிந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது.

மருந்தின் காலாவதித் தேதியும் "டேட்" ஆகட்டும். பெட்டியில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாளைப் போடுங்கள். முன்பதிவு நேரத்தை மட்டும் தொடாதீர்கள், அது டைம்ஸ்டாம்பாகவே இருக்க வேண்டும்.

தோட்டத்து_கிராணி:
இன்டர்வல் முறையில் மாற்றியாயிற்று. படிவத்தில் ஏறிய 1942–45 ஆட்களைத் தனியாகத் திருத்தினேன், பெரியவர்கள் எல்லாருக்கும் சரி. ஒப்பீட்டில் இன்னும் சிலர் நிற்கிறார்கள், எல்லாரும் 2000 அல்லது அதற்குப் பின் பிறந்த தொண்டூழியர்கள். ஐசி 11 இலக்கம்தான் இருக்கிறது, சிலருக்கு 10.

பெரட்டுக்களம்:
அது எக்செல் வேலை. ஐசியை எண்ணாக நினைத்து முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிட்டது. 2000 அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவருக்கு இரண்டு பூஜ்யம் போயிருக்கும், அந்த ஆண்டு அதற்கு முன் பிறந்தவருக்கு மூன்று. டேட்டாபேஸில் ஐசி நெடுவரிசை "டெக்ஸ்ட்" வகையில் இருக்கட்டும், 12 இலக்கம் வரும்வரை இடப்பக்கம் பூஜ்யம் நிரப்புங்கள். அடுத்த முறை எக்செலில் தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்த நெடுவரிசையை "டெக்ஸ்ட்" ஆக்கிவிடுங்கள். 7.8E+11 மாதிரி ஏதாவது சிஎஸ்வியில் தெரிந்தால் அந்தக் கோப்பை ஏற்றாதீர்கள், கடைசி இலக்கங்கள் அதில் போய்விட்டன. மூலக் கோப்பிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும்.