தேக்கா, பிளைவுட்டா, எம்டிஎஃபா: மும்பை வீட்டில் எது தாங்கியது?

செம்பூர் வாசி:
முலுண்டில் வாங்கிய ஃபிளாட்டின் சாவி அடுத்த மாதம் கைக்கு வருகிறது. கட்டில், வார்ட்ரோப், புத்தக அலமாரி மூன்றும் புதிதாகச் செய்ய வேண்டும். தேக்கைத் தவிர எதையும் வாங்கக் கூடாது என்று அப்பா ஊரிலிருந்து போனிலேயே அடம் பிடிக்கிறார். இன்டீரியர் ஆளோ, "இப்போ யார் சார் தேக்கு போடுறாங்க, எல்லாம் எம்டிஎஃப்தான்" என்கிறார். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் பலகையாம் அது. விளம்பரம் வேண்டாம். உங்கள் வீட்டில் எது எப்படி உழைத்தது என்று சொல்லுங்கள்.

மாட்டுங்கா மாமி:
கட்டில் விஷயத்தில் உங்கள் அப்பா கட்சிதான் நான். மாமனார் வாங்கிய தேக்குக் கட்டிலில் இப்போது பேரன் குதிக்கிறான். ஒரு முனகல் கிடையாது. பாலிஷ் மங்கினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

ஆனால் தேக்கில் வார்ட்ரோப் கதவு என்றால் யோசியுங்கள். எங்கள் வீட்டில் மழை பிடித்தால் கதவு சட்டத்தில் சிக்கிக்கொள்ளும். ஆகஸ்டில் காலை ஊன்றித்தான் இழுக்க வேண்டும். ஆசாரி வந்து விளிம்பை இழைத்துக் கொடுத்தார். டிசம்பரில் பார்த்தால் இரண்டு கதவுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி, கரப்பான் பூச்சிக்கு ராஜபாட்டை. மழைக்காலத்தில் இழைக்கவே கூடாதாம். பிறகு வந்த வேறொரு ஆசாரி சொன்னார். மரம் ஈரத்தைக் குடித்தால் ரேகைக்குக் குறுக்கே உப்பும். நீளத்தில் மாற்றம் தெரியாது. அந்தக் காலத்துக் கதவுகளில் நாலு பக்கச் சட்டத்திலும் காடி வெட்டி, நடுப்பலகையைப் பசை போடாமல் சும்மா செருகியிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? பலகை உப்பவும் சுருங்கவும் இடம் வேண்டுமே, அதற்குத்தான். எங்களுடையது அகலப் பலகைகளை ஒட்டிச் செய்த கதவு. பார்க்க அழகு, அவ்வளவுதான்.

டோம்பிவிலி ஃபாஸ்ட்:
மாமி சொல்வது சொந்த வீட்டுக் கதை. 11 மாத அக்ரிமென்ட்டில் வாழ்கிறவன் கதை வேறு. என்னுடையது ஆன்லைனில் வாங்கிய வார்ட்ரோப். 'எஞ்சினியர்டு வுட்' என்று போட்டிருந்தது. பிளைவுட், எம்டிஎஃப், மரச் சில்லுகளை ஒட்டி அழுத்திய பார்ட்டிகிள் போர்டு எல்லாமே அந்தப் பெயருக்குள் அடக்கம். வந்தது கடைசியாகச் சொன்னது.

முதல் வீட்டில் ஒரு குறையும் இல்லை. வீடு மாறும்போது பேக்கர்ஸ் ஆட்கள் கழற்றி மறுபடி பூட்டினார்கள். பழைய ஓட்டையில் திருகு பிடிக்கவில்லை, தூள்தான் கொட்டியது. தீக்குச்சியும் ஃபெவிகாலும் திணித்துச் சமாளித்தோம். அதற்கடுத்த மாற்றத்தில் கீல் பெயர்ந்து கதவு கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் தனிக் கதை. வேலைக்கு வரும் அக்கா தினமும் ஈரத்துணி போட்டுத் தரை துடைப்பார். விளிம்பில் ஒட்டியிருந்த பட்டை ஒரு மூலையில் உரிந்திருக்கிறது. அதன் வழியே தண்ணீர் ஏறி, 18 மில்லிமீட்டர் பலகை கீழே மட்டும் பொரி மாதிரி ஊதிவிட்டது. காய்ந்த பிறகும் பழையபடி ஆகவில்லை. இத்தனைக்கும் மேல்தட்டுகள் புதுசாகவே இருந்தன. கழற்றாமல், நனையாமல் ஒரே இடத்தில் விட்டிருந்தால் இன்னும் ஓடியிருக்கும். அந்த விலைக்கு அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

பட்டறைக்காரன், தாராவி:
எனக்குத் தொழிலே இது, அதனால் கொஞ்சம் நீளும்.

தேக்கு என்று விற்பதெல்லாம் ஒன்றல்ல. வைரம் பாய்ந்த பாகத்தைக் கரையான் லேசில் தொடாது. ஓரத்து வெள்ளையைத் தின்றுவிடும். வெள்ளைக்கு ஸ்டெயின் அடித்துவிட்டால் மேலே பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். கட்டிலைக் கவிழ்க்கச் சொல்லி, பாலிஷ் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். 'சாலிட் வுட்' என்று மட்டும் சொன்னால் என்ன மரம் என்று கேளுங்கள். பால் வெட்டி முடிந்த ரப்பர் மரத்தைத் துண்டு துண்டாகப் பல் வெட்டிக் கோத்து ஒட்டிய பலகையையும் அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள். மோசமில்லை, ஆனால் மருந்து ஏற்றியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டு துளைத்து உளுத்துவிடும். ராஜஸ்தானிலிருந்து வரும் சீஷம் கட்டிலும் நன்றாக உழைக்கும். அதை 'ரோஸ்வுட்' என்று சொன்னால் நம்ம ஊர் ஈட்டி மரம் என்று நினைத்துக் காசைக் கொட்டாதீர்கள்.

பிளைவுட்டில் ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே உள்ள எண்ணைப் பாருங்கள். ஐஎஸ் 303-இல் எம்ஆர் என்று ஒரு ரகம் பார்ப்பீர்கள். எம்ஆர் காற்றின் ஈரத்தைத் தாங்கும், தண்ணீரில் நனைந்தால் போச்சு. ஐஎஸ் 710 என்பது மரைன், தண்ணீரைத் தாங்கும் பிளைவுட். அதன் துண்டை 72 மணி நேரம் கொதிக்கவைத்தாலும் ஒட்டு விடக் கூடாது. முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதும் உண்மைதான். சயானில் ஒரு வாடிக்கையாளர் அம்மா, இறங்கிய லோடிலிருந்து ஒரு துண்டு வெட்டச் சொல்லிப் பழைய குக்கரில் போட்டு விசில் விட்டார். திறந்தால் அடுக்கு தனித்தனியாகக் கிடந்தது. லோடு அன்றைக்கே திரும்பிப் போயிற்று.

பெயின்ட் அடிக்கும் கதவுக்கு எம்டிஎஃப் மாதிரி வழவழப்பு எதிலும் வராது. வார்ட்ரோப்பின் உடம்புக்கும் அடிப்பலகைக்கும் மட்டும் அதைப் போட விடாதீர்கள். புத்தக அலமாரியில் 3 அடி அகலத்தட்டு வைத்தால் எந்த போர்டும் நடுவில் தொய்யப் பார்க்கும். 2 அடிக்கு ஒரு செங்குத்துப் பலகையைத் தாங்கலாகக் கொடுங்கள். புது போர்டின் நெடி கண்ணை எரித்தால் அது பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு. வாங்கும்போதே இ1 அல்லது இ0 என்று, அதாவது அந்த நெடி குறைவாக வெளிவரும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

செம்பூர் வாசி:
அப்படியென்றால் கட்டில் தேக்கு, வார்ட்ரோப் உடம்பு பிளைவுட், கதவு எம்டிஎஃப். அப்பாவுக்குக் கட்டில் படத்தை மட்டும் அனுப்பிவிடலாம். ஒரே சிக்கல், வார்ட்ரோப் வரும் சுவருக்குப் பின்னால் பாத்ரூம்.

பட்டறைக்காரன், தாராவி:
அப்ப 710-ஐத் தவிர வேறு பேச்சே வேண்டாம் சார், கதவுக்கும் அதேதான். முதுகுப் பலகையைச் சுவரோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் விடுங்கள், அடியில் கால் வைத்துத் தூக்குங்கள். முடிந்தால் ஒரு மழைக்காலம் விட்டு, அந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறதா என்று பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

மாட்டுங்கா மாமி:
அதுவரைக்கும் துணிமணியை எங்கே வைப்பதாம்?