நம்ம வீட்டு குரூப்: குஞ்சம் வச்ச குல்லாக்காரர்

அக்கா: 📷 வேல்ஸ்ல கார்டிஃப்ல இருந்து ரயில் புடிச்சு கேர்ஃபில்லிங்கற ஊருக்கு வந்தேன், கோட்டை பாக்க. எதிர்ல இவரு நிக்கறாரு

பெரியப்பா: கேர்ஃபில்லின்னா சீஸ் பேரு இல்லையாம்மா? தலைல துருக்கி குல்லா வேற, யாரு இவரு சுல்தானா

அக்கா: ஊர் பேருதான் சீஸுக்கும் பெரியப்பா 😄 இவரு டாமி கூப்பர், 1921ல இங்க பொறந்த காமெடியன். மூணு வயசுலயே குடும்பம் இங்கிலாந்துக்கு போயிடுச்சு, ஆனா இந்த ஊர் விடல, 2008ல சிலை வச்சுட்டாங்க, நடிகர் அந்தோணி ஹாப்கின்ஸ் வந்து குல்லா போட்டுட்டு திறந்து வச்சாராம்

நான்: என்ன காமெடி பண்ணுவாரு

அக்கா: மேஜிக் பண்ணுவாரு, எல்லாம் சொதப்பும். எட்டு வயசுல அத்தை ஒரு மேஜிக் செட் குடுத்துருக்காங்க. அப்புறம் படகு கட்டற எடத்துல வேலை கத்துக்கறப்போ மொதல் தடவ எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்ட போய் பயத்துல எல்லாமே தப்பாயி, கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கு, மனுஷன் அழுதுட்டாராம். அப்புறம்தான் யோசிச்சிருக்காரு, இதையே பொழப்பா வச்சுக்கலாமேன்னு

மாமா: சும்மா சொதப்பறதுக்கு காசா, அத நானே பண்ணுவேனே

அக்கா: மாமா, அவரு நெஜமாவே நல்ல மேஜிக்காரர், மேஜிக் சர்க்கிள்னு லண்டன்ல இருக்கற மேஜிக்காரங்க சங்கத்துல மெம்பர். சரியா செய்ய தெரிஞ்சாதான் சரியான நேரத்துல தப்பு பண்ண முடியும். பத்து சொதப்பிட்டு நடுவுல ஒண்ண கரெக்டா செஞ்சு வாயடைக்க வப்பாரு

பெரியப்பா: குல்லா கதைய சொல்லலியே

அக்கா: யுத்த காலத்துல எகிப்துல பட்டாளத்துல இருந்தாரு. கெய்ரோல ஷோக்கு போடற தொப்பிய மறந்துட்டு வந்துட்டாரு, அந்தப் பக்கம் போன சர்வர் தலைல இருந்து இத உருவி மாட்டிக்கிட்டாரு, அவ்ளோதான், கடைசி வரைக்கும் அதே

மாமா: யூடியூப்ல ஒண்ணு கெடச்சுது போடறேன் பாருங்க 📹

சித்தி: 😂😂 ஐயோ அந்த பெரிய அங்கியோட அப்படியே சரிஞ்சு உக்காரறத பாரு, மூச்சு வாங்கறதெல்லாம் எவ்ளோ தத்ரூபமா பண்றாரு

நான்: ஜனங்க என்னா சிரிப்பு

அக்கா: சித்தி

அக்கா: அது நடிப்பு இல்ல

சித்தி: என்னடி சொல்ற

அக்கா: 1984 ஏப்ரல் 15, ஞாயித்துக்கிழமை ராத்திரி, லண்டன் ஹெர் மெஜஸ்டீஸ் தியேட்டர்ல டிவில நேரலை. ஹார்ட் அட்டாக். திரைக்கு பின்னாடி அங்கி வழியா பொருள் எடுத்து குடுக்க நின்ன நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜிம்மி டார்பக்கே அதுவும் காமெடின்னுதான் நெனச்சிருக்காரு. விளம்பரம் போட்டுட்டு, அப்புறம் திரைக்கு முன்னாடி நின்னு மத்தவங்க நிகழ்ச்சிய தொடர்ந்தாங்க. 63 வயசுதான்

பெரியப்பா: அடக் கடவுளே

மாமா: சாரி, எனக்கு சத்தியமா தெரியாது, மொதல்ல வந்தத போட்டுட்டேன்

நான்: அப்போ அந்த ஜனங்க வீட்டுக்கு போனப்புறம் நியூஸ் கேட்டா எப்படி இருந்திருக்கும்

அக்கா: அவங்கள குத்தம் சொல்ல முடியாதுடா, நாப்பது வருஷமா அவரு விழுந்தா சிரிக்கணும்னு பழக்கி வச்சதே அவருதானே

சித்தி: நானும் சிரிச்சுட்டேனே 😔 மாமாவ அந்த வீடியோவ எடுக்க சொல்லு. நீ அவரு நல்லா இருந்தப்போ சொதப்பினது ஏதாவது அனுப்புடி, இல்லன்னா ராத்திரி கண்ண மூடினா இதேதான் நிக்கும்

அக்கா: ரயில்ல ஏறிட்டு அனுப்பறேன் சித்தி