ஜோர்ஜியாவின் குவெவ்ரி வைன் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். கொழும்புக் கடைகளில் எப்போதும் கிடைக்கிற அவுஸ்திரேலிய, சிலி வைன்களைத் தாண்டி வித்தியாசமானவற்றைத் தேட ஆசை. அடுத்த வருடம் செப்டம்பர் கடைசியில், திராட்சை அறுவடை நேரத்தில், ஜோர்ஜியா நாட்டின் வைன் பகுதியான ககேத்தி பக்கம் போகலாம் என்று நானும் மனைவியும் யோசிக்கிறோம்.

அங்கே குவெவ்ரி என்கிற பெரிய களிமண் சாடியைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, வெள்ளைத் திராட்சையையும் தோல், விதையோடு சேர்த்தே ஐந்தாறு மாதம் விட்டுவிடுவார்கள், அதனால்தான் அந்தப் பொன்னிற வைனில் பிளேன் டீ மாதிரி ஒரு துவர்ப்பு இருக்கும். 2013இல் யுனெஸ்கோ இந்த முறையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு இதைவிடப் பெரிய ஈர்ப்பு வேறில்லை. பிரான்சின் ஜூரா பகுதியில் 6 வருடம் 3 மாதம் வைத்து எடுக்கிற மஞ்சள் வைனும் மனதில் இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் செலவு தாங்காது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ககேத்திக்குப் போனவர்கள் இருந்தால், தெலாவியில் தங்குவதா சிக்னாகியில் தங்குவதா? சின்னக் குடும்பத் தோட்டங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமா? அப்புறம், ர்காட்சிதெலி திராட்சையில் செய்த பொன்னிற வைன் கொழும்பில் எங்காவது கிடைக்குமா? போகும் முன்பே ஒரு போத்தல் வாங்கி, வீட்டு மீன் குழம்போடு குடித்துப் பார்க்க வேண்டும். கொண்டுவரும் போத்தல்களை இந்தச் சூட்டில், தனி வைன் குளிரூட்டி இல்லாமல், எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். உள்பெட்டியிலும் சொல்லலாம்.