கார்ப்பெட் அனிமோனின் நிறம்: புதுச்சேரி, கடலூர் வளர்ப்பாளர்களின் அனுபவங்கள்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

என் தொட்டியில் இருப்பது ஸ்டைக்கோடாக்டைலா ஹட்டோனி என்னும் கார்ப்பெட் அனிமோன். பாதத்தை மணலில் புதைத்துக்கொண்டு மேலே தட்டுபோல் விரியும் இந்தக் கடற்சாமந்தி, பூப்போல் தோன்றினாலும் ஒரு கடல் விலங்கு; பாக் நீரிணைப் பகுதியிலும் வாழ்கிறது. செபே கோமாளி மீன் பெரும்பாலும் இதைத்தான் வீடாகக் கொள்கிறது. 2024 பிப்ரவரியில் வாங்கியபோது கடைத் தொட்டியின் நீல விளக்கில் அது இளம்பச்சையாகத் தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து வெண்ணொளியில் பார்த்தால் கருப்பட்டி நிறம். பச்சையை எப்படியாவது வரவழைத்துவிட வேண்டும் என்று நான் இறங்கியதில் அந்த உயிர் பட்ட பாட்டையும், பிறகு அது தேறி வந்த விதத்தையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில், இரண்டு நிறங்களும் வெவ்வேறு இடத்திலிருந்து வருகின்றன என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. பழுப்பு நிறம் அனிமோனின் திசுவுக்குள் குடியிருக்கும் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசியினுடையது. அந்தப் பாசி ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துத் தன்னைத் தாங்கும் அனிமோனுக்கும் கொடுக்கிறது; ஒளி குறைவாகவும் நைட்ரேட் மிகுதியாகவும் இருக்கும் நீரில் அது பெருகுவதால் பழுப்பு அடர்கிறது. பச்சையோ அனிமோனின் சொந்தச் சரக்கு. அதன் உடலே உண்டாக்கும் ஒளிர்புரதம். இவ்வகைப் புரதத்தை ஒசாமு ஷிமோமுரா 1962-இல் ஒரு சொறிமீனிலிருந்து பிரித்தெடுத்தார். 2008-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் இதற்காகவே பகிர்ந்தளிக்கப்பட்டது. பவளங்களிலும் அவற்றின் உறவினங்களிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த புரதங்கள் இருப்பது 1999-இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. ஆகவே, பிறவியிலேயே அந்தப் புரதம் இல்லாத அனிமோனை எந்த விளக்கும் எந்த மருந்தும் பச்சையாக்காது. இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, நீல விளக்கை மட்டும் போட்டு, உணர்கொம்புகளின் அடிப்பகுதியை உற்றுப் பாருங்கள். அங்கே பச்சை ஒளிர்ந்தால் முயன்று பார்க்கலாம். ஒளிராவிட்டால் அந்தப் பழுப்பையே அதன் அழகாக ஏற்றுக்கொள்வது நல்லது.

என்னுடையது ஒளிர்ந்தது. நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம், பாஸ்பேட் 0.3 மில்லிகிராம் என்று சோதனையில் வந்ததும், ஒரே வாரத்தில் இரண்டு வேலைகளைச் செய்தேன். எல்.இ.டி. விளக்கின் வலிமையை 40 விழுக்காட்டிலிருந்து 80-க்கு ஏற்றினேன். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள்களைச் சம்ப்பில், அதாவது நீரைச் சுத்திகரிக்கும் துணைத்தொட்டியில், நிறையப் போட்டேன். மூன்றாம் வாரம் பச்சை பளிச்சென்று வந்துவிட்டது. நான் மகிழ்ந்து படமெடுத்துப் பலருக்கும் அனுப்பினேன். உண்மையில் அங்கே பச்சை கூடவில்லை. அதை மறைத்துக்கொண்டிருந்த பாசி வெளியேறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பவளங்களிலும் இப்படி நிறம் மின்னியபடியே வெளிறிப்போகும் நிலை உண்டு என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நைட்ரேட் மிகுந்திருக்கும்போது பாஸ்பேட் மட்டும் அறவே வற்றிப்போனால், பாசி வலுவான ஒளியைத் தாங்கும் திறனை இழக்கிறது என்பதும் பவளங்களில் கண்டறியப்பட்ட செய்தியே. நான் செய்திருந்தது அதையேதான். ஏப்ரல் நடுவில் தட்டு முழுவதும் பால்போல் வெளுத்தது. இறால் துண்டைத் தொட்டவுடன் பற்றிக்கொள்ளும் கொம்புகள் ஒட்டும் தன்மையை இழந்தன. வாய் திறந்தே கிடந்தது. அந்த வாரத்தில்தான் கத்திரி வெயிலுக்கு முன்பே வீட்டின் வெப்பம் ஏறி, தொட்டி 31 பாகை செல்சியசைத் தொட்டது.

உடனே சில்லர் என்னும் நீர்க்குளிரூட்டி வைத்து 26 பாகையில் நிறுத்தினேன். இரும்பு ஆக்சைடு துகள்களை எடுத்துவிட்டேன். விளக்கைக் குறைத்ததோடு நில்லாமல், அதன் கீழே கொசுவலையை நான்கு மடிப்பாகக் கட்டினேன். பத்து நாளைக்கு ஒரு மடிப்பு என்று அதை நீக்கி வந்ததில், ஒளி கூடுவதை அனிமோன் உணராதபடியே கூட்ட முடிந்தது. பாசி இல்லாத அனிமோன் பட்டினி கிடக்கும் அனிமோன் என்பதால், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் காலையில் வந்திறங்கும் புதிய இறாலை வாங்கி, சுண்டுவிரல் நகத்தளவு துண்டாக நறுக்கி, வாரத்தில் மூன்று நாள் வாயருகே வைத்தேன். பெரிய துண்டு கொடுத்தால் மறுநாள் அரைகுறையாகக் கக்கிவிடும். நீரும் கெடும், அதன் வலுவும் வீணாகும். ஆகவே அளவில் கஞ்சத்தனமும் முறையில் ஒழுங்கும் வேண்டும்.

நிறம் மாறுகிறதா என்பதைக் கண்ணால் தீர்மானிக்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். நாள்தோறும் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது; நீல விளக்கோ எதையும் பச்சையாகக் காட்டிவிடும். ஒவ்வொரு ஞாயிறும் காலை 11 மணிக்கு வெண்ணொளியை மட்டும் போட்டு, அனிமோனுக்குப் பக்கத்தில் வெள்ளை பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை வைத்து, அதே இடத்திலிருந்து படமெடுத்து வந்தேன். குழாயின் வெண்மை எல்லாப் படங்களிலும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிடுவேன். முதலில் திரும்பியது பழுப்பு. ஜூன் கடைசியில் வெளுப்பின்மேல் தேநீர்க் கறைபோல் படர்ந்தது. அதைக் கண்டபோது எனக்கு உண்டான நிம்மதி, முன்பு பச்சையைக் கண்டபோதுகூட உண்டானதில்லை. அதன் பிறகே, வாராவாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றி, நைட்ரேட்டை 10 மில்லிகிராமுக்கும் பாஸ்பேட்டை 0.08-க்கும் நான்கு மாதங்களில் மெல்லக் கொண்டுவந்தேன். விளக்கில் நீலப் பகுதியை மாதத்துக்கு 5 விழுக்காடு மட்டும் கூட்டினேன். அக்டோபரில், தேன்பழுப்பு நிறத் தட்டின் விளிம்பெங்கும் பச்சை நின்றது. இம்முறை கொம்புகளும் விரலில் பசையாக ஒட்டின, வாயும் இறுக மூடியிருந்தது.

கடலூர் முதுநகர்

முத்தியால்பேட்டை நண்பர் ஒளியையும் சத்தையும் பற்றி விரிவாக எழுதிவிட்டார். என்னுடைய தொல்லை உப்பில் இருந்தது. எங்கள் ஊரில் கடல்நீர் கையெட்டும் தூரத்தில் கிடைப்பதால், தேவனாம்பட்டினத்துக் கரையிலிருந்து குடங்களில் எடுத்துவந்து வடிகட்டித்தான் பல ஆண்டுகள் தொட்டியை நடத்தினேன். என் ஹட்டோனி ஒவ்வொரு கார்த்திகையிலும் சுருங்கி நிறம் மங்கும். தை பிறந்தால் தேறும். விளக்கை மாற்றினேன், உணவை மாற்றினேன், பயனில்லை. ஒருமுறை எடுத்துவந்த நீரையே அளந்து பார்த்தபோது உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.019 என்று வந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கெடிலமும் தென்பெண்ணையும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் கரையோரக் கடலின் உப்பை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்துவிடுகிறது. 1.025-இல் வாழ்ந்த உயிரை வாரந்தோறும் அந்த நீரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது மழை ஓய்ந்த பங்குனியில், கரையை விட்டு உள்ளே செல்லும் படகில் சொல்லிவைத்து நீர் எடுத்து, மூடிய தொட்டியில் இருட்டில் சேமிக்கிறேன். அது தீர்ந்தால் ஆர்.ஓ. நீரில் கடலுப்புக் கலவை. உப்பை அளக்கும் ஒளிமுறிவுமானியைக் குழாய்நீரில் சரிபார்க்காமல், அதற்கென்றே விற்கப்படும் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள கரைசலில் சரிபார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். சித்திரை வெயிலில் ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரை ஒரே வாளியாக ஊற்றாமல், காலையும் மாலையும் பிரித்து ஊற்றுகிறேன். இந்தக் கார்த்திகையில் என் அனிமோன் மங்கவில்லை.

இலாசுப்பேட்டை, புதுச்சேரி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் நின்று, இரண்டு நாள் கழித்தே வந்தது. மின்கலத்தில் ஓடும் காற்றுக்குழாய் ஒன்றுதான் தொட்டியைக் காப்பாற்றியது. மின்சாரம் வந்த மகிழ்ச்சியில் விளக்கைப் பழைய முழு வலிமையிலேயே போட்டுவிட்டேன். பத்து நாளில் தட்டின் நடுப்பகுதி வெளிறியது. இருட்டில் கிடந்த பிறகும் புதிதாக வாங்கிவந்த அனிமோனைப் போலவே அதை நடத்தியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. கொசுவலை யோசனைக்கு நன்றி, அண்ணா. ஒரு கேள்வி: வெளியூர்க் கடையொன்றில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் ஓர் அனிமோனைக் கண்டேன், அது இயற்கைதானா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

தங்கைக்கு: தட்டு, கொம்பு, பாதம் எல்லாம் ஒரே சீராக எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் அதைச் சாயம் ஏற்றிய அனிமோன் என்றே ஐயுறுங்கள். வெளுத்துப்போனதைச் சாயத்தில் நனைத்து விற்பது இந்த வணிகத்தில் பழைய வழக்கம். சில வாரங்களில் சாயம் கரைந்து, உள்ளே இருக்கும் வெளுப்பு தெரியும். தயவுசெய்து வாங்க வேண்டாம். அது விற்றால் இன்னொன்றைச் சாயத்தில் போடுவார்கள்.

கடைசியாக ஒன்று. இவ்வாண்டு தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த செபே கோமாளி மீன் இணையொன்றை விட்டிருக்கிறேன். நம் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தில் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கும்போது, கடலிலிருந்து பிடித்ததை வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மீன்களின் கழிவிலுள்ள அம்மோனியா அனிமோனின் பாசிக்கு உரமாகிறது. ஆகவே பழுப்பு மறுபடி சற்றே அடர்ந்திருக்கிறது. தட்டு முன்பைவிட நான்கு விரற்கடை அகலமாக விரிகிறது. பச்சை விளிம்பு அப்படியே இருக்கிறது. விளக்கை நான் தொடவில்லை.