யாஸூ இரட்டையரின் முதல் ஆல்பம்: இயந்திரத் தாளத்தோடு இந்தக் குரல் எப்படி ஒட்டியது?

கேள்வி – மயிலாப்பூர் கேட்பாளர்

நண்பர்களுக்கு வணக்கம். மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, யாஸூ என்ற பிரிட்டிஷ் இருவர் குழு 1982-இல் வெளியிட்ட ‘அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்’ கையில் அகப்பட்டது. அட்டையில் துணிக்கடைப் பொம்மைகள். குழுவின் வின்ஸ் கிளார்க் இசைக்கும் சின்தசைசர் என்ற மின்னணுக் கருவி கடிகாரம்போல இம்மியும் பிசகாமல் ஓடுகிறது. பாடும் அலிசன் மோயேவின் குரலோ, ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோக இசையைப் பாடும் பாடகியின் கனத்த, சற்றே கரகரத்த குரல். எண்ணெயும் தண்ணீருமாகப் பிரிந்து நின்றிருக்க வேண்டிய இவ்விரண்டும் எப்படி ஒட்டின? மேலும், முதல் பக்கத்தில் ‘ஐ பிஃபோர் ஈ’ என்று தொடங்கும் தலைப்பில் பேச்சுத் துண்டுகளை மட்டுமே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். தட்டில்தான் கீறல் விழுந்திருக்கிறதோ என்று ஊசியைத் தூக்கிப் பார்த்தேன். என் அட்டையில் ‘யாஸ்’ என்று அச்சாகியிருப்பதும் புரியவில்லை.

பதில் – வடபழனி கீபோர்டு

மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கிளார்க் அக்காலத்தில் பயன்படுத்திய ப்ரோ-ஒன் போன்ற கருவிகளில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். இன்றைய கீபோர்டில் விரல்களை விரித்துப் பல சுரங்கள் சேர்ந்த ஒரு கார்டைப் பிடிப்பதுபோல அதில் பிடிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு சுர வரிசையையும், அதைத் தானாகத் திரும்ப இசைக்கும் சீக்வென்சரில் ஏற்றித் தனித்தனியே பதிவுசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ‘ஒன்லி யூ’ பாடலின் தொடக்கத்தைக் கவனியுங்கள்: கிட்டார் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டுவதுபோலச் சுரங்கள் உதிர்கின்றன. கிளார்க் கிட்டாரில் பாட்டமைக்கும் பழக்கமுள்ளவர் என்பதால் இதில் வியப்பில்லை. அந்த உதிர்ந்த சுரங்களுக்கு இடையில் நிறைய வெற்றிடம் இருக்கிறது. மோயே அங்கேதான் குடியேறுகிறார். கெட்டியான கார்டுகளைப் பின்னால் நிரப்பியிருந்தால் அந்தக் குரல் மூச்சு முட்டியிருக்கும்.

இருவரும் எஸெக்ஸ் மாவட்டத்து பாஸில்டன் ஊர்க்காரர்கள். டெபேஷ் மோட் குழுவின் முதல் ஆல்பத்துக்குப் பிறகு கிளார்க் அதிலிருந்து விலகினார். தமக்கொரு ப்ளூஸ் குழு வேண்டுமென்று மோயே கொடுத்திருந்த பத்திரிகை விளம்பரத்தைக் கண்டு அவரைத் தொடர்புகொண்டார். பதிவு நடந்த பிளாக்விங் ஸ்டுடியோ லண்டனில் ஒரு பழைய தேவாலயக் கட்டடம். ஆல்பத்தின் பெயரிலுள்ள எரிக், அங்கிருந்த ஒலிப்பொறியாளர் எரிக் ராட்க்ளிஃப்.

பதில் – பெசன்ட் நகர் சபா ரசிகர்

வடபழனி நண்பர் சொன்னது சரியே, ஆனால் பாதிதான். நம் கச்சேரிகளில் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி இரண்டரை மணி நேரம் எள்ளளவும் மாறாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அது அசையாமல் நிற்பதால்தான் பாடகரின் கமகம் எவ்வளவு அசைகிறது என்பது நம் காதில் படுகிறது. ‘டோன்ட் கோ’வில் அந்த ஆரம்பச் சங்கதி பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வருகிறது, மோயே ஒரு சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைக்கும்போது, அந்த மயிரிழைத் தாமதம்கூட உணர்ச்சியாகிவிடுகிறது. மோயே எழுதிய ‘மிட்நைட்’ துணையின்றிக் குரலோடு மட்டுமே தொடங்குவதையும் கேளுங்கள். இயந்திரம் பிறகு வந்து சேரும்போது, தனியாக இருந்தவருக்கு யாரோ துணைக்கு வந்ததுபோல இருக்கிறது.

நீங்கள் குறிப்பிட்ட பேச்சுத் துண்டுப் பதிவு எனக்கும் பிடித்ததில்லை. ஒருமுறை கேட்டால் போதும் என்ற ரகம். ‘இன் மை ரூம்’ பாடலிலும் பேச்சு வருகிறது, பரமண்டல ஜெபம் ஓதும் குரல். ஆனால் அங்கே அதற்கு ஒரு பாட்டின் துணை இருப்பதால் அது உறுத்தவில்லை.

பதில் – வடபழனி கீபோர்டு

சுருதிப் பெட்டி உவமையை ஏற்கிறேன். ஒரு சிறு திருத்தம்: ‘ஒன்லி யூ’வுக்கு அந்த இயந்திரம்கூடக் கட்டாயமில்லை. ஃப்ளையிங் பிக்கெட்ஸ் குழு வாத்தியமே இல்லாமல் வாயாலேயே பாடி, 1983 கிறிஸ்துமஸில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. யாஸூவின் மூலப் பாடல் இரண்டாம் இடத்தோடு நின்றது.

மயிலாப்பூர் நண்பருக்கு: யாஸூ என்ற பெயரை வட அமெரிக்காவில் பயன்படுத்த முடியாமல் போனதால், அங்கே அவர்கள் ‘யாஸ்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். உங்களுடையது அமெரிக்கப் பதிப்பாக இருக்கலாம். ‘சிச்சுவேஷன்’ அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் அது ‘ஒன்லி யூ’ சிங்கிளின் மறுபக்கமாக வந்த பாடல், அங்கே வெளியான மூல ஆல்பத்தில் கிடையாது.

மயிலாப்பூர் கேட்பாளர்

இருக்கிறது ஐயா, இரண்டாம் பக்கத்தில். இன்றிரவு ‘மிட்நைட்’டிலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.